பழைய ஹார்டு டிஸ்க்: கேஸில் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கேஸ் (யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணையும் டிஸ்க் பெட்டி) வாங்கி அதற்குள் போட்டால், கணினிக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தும் எக்ஸ்டர்னல் டிஸ்க் தயார் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. சொன்ன விஷயத்தில் தவறில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தபிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளைக்கூடப் பலர் ஓரங்கட்டிவிட்டார்கள். அவற்றுக்குள் இருக்கும் டிஸ்க்குகளில் இன்னும் உழைக்கக்கூடியவை ஏராளம். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள் என்று ஒரு பத்திரிகை சொல்வது நல்ல காரியம்.

ஆனால் கணினி பழுது பார்ப்பதே என் பிழைப்பு. இப்படிப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டுச் செய்து பார்ப்பவர்கள், ஏதாவது கோளாறானால் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். கேஸில் மாட்டும் வேலையை ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். அந்த டிஸ்க்கில் ஏற்கெனவே கிடக்கும் ஃபைல்கள் என்ன ஆகும் என்பதைப் பற்றிக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது; வெட்டத்தான் வேண்டுமென்றால் மின்சாரத்தைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள், ஃபார்மட் (டிஸ்க்கைப் புதிதாக எழுதத் தயார்செய்வது) பற்றியதில் கை வைக்காதீர்கள்.

மின்சாரத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க் 3.5 அங்குலம், லேப்டாப்பிலிருந்து வந்தது 2.5 அங்குலம். டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும், 2003-இல் அறிமுகமான சாட்டா இணைப்பு இரண்டிலும் ஒன்றேதான்: டேட்டாவுக்கு 7 முனை, மின்சாரத்துக்கு 15 முனை. ஆகவே லேப்டாப் டிஸ்க்குக்கென்று விற்கும் மெல்லிய யுஎஸ்பி கேபிளில் டெஸ்க்டாப் டிஸ்க்கும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். உட்காரும், சுற்றாது. பெரிய டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது. சாதாரண யுஎஸ்பி துளை தருவது 5 வோல்ட். கேபிளில் இருக்கும் குட்டி விளக்கு மட்டும் ஜோராக எரியும். "லைட் எரியுது அக்கா, ஆனா கம்ப்யூட்டர்ல எதுவும் வரல. டிஸ்க் செத்துப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்களுக்குக் குறைவே இல்லை. 12 வோல்ட் அடாப்டர் உள்ள டாக்கில் (டிஸ்க்கைச் செருகும் மேசைப் பெட்டியில்) செருகியதும் அது உறுமிக்கொண்டு எழுந்துவிடும். டிஸ்க்கின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளை ஒருமுறை படித்தாலே போதும். 5 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் யுஎஸ்பி கேபிள் தாங்கும். 12 வோல்ட்டும் போட்டிருந்தால் தனி அடாப்டர் உள்ள கேஸ்தான் வாங்க வேண்டும்.

சிறிய டிஸ்க்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் அது ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு துளை தர வேண்டியது அரை ஆம்பியர், யுஎஸ்பி 3.0-இல் 0.9 ஆம்பியர். பல துளைகள் விதிக்கு மேலேயே கொடுத்துவிடுவதால் பிழைத்துக்கொள்கிறோம். மின்சாரம் போதாவிட்டால் டிஸ்க் எழ முயலும், விழும், மறுபடி எழ முயலும். அப்போது வரும் ‘டிக், டிக்’ சத்தம், தட்டைப் படிக்கும் ஹெட் பழுதான டிஸ்க்கின் சத்தத்தைப் போலவே இருக்கும். அதைக் கேட்டு மனம் உடைவதற்கு முன், ஹப், நீளமான கேபிள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கணினியின் பின்பக்கத் துளையில் குட்டைக் கேபிளால் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அப்போதும் அதே சத்தம் வந்தால் மட்டும் கவலைப்படலாம்.

சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ என்ற இணைப்பு உள்ள டிஸ்க் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். முள்முள்ளாக நிற்கும் முனைகள் டெஸ்க்டாப் டிஸ்க்கில் 40, லேப்டாப் டிஸ்க்கில் 44. இதற்குக் கேஸ் தேடி அலைய வேண்டாம். ஒரு மாற்றுக் கேபிளில் செருகி, உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு, டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். பெரிய டிஸ்க்காக இருந்தால் அதன் முனைகளில் மாட்டும் ஜம்பர் என்ற குட்டி மூடியை, ‘மாஸ்டர்’ என்று குறித்த இடத்தில் வைத்துச் செருகுங்கள். முனை ஒன்று வளைந்துவிட்டால் நிமிர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்.

இனி ஃபார்மட்டுக்கு வருகிறேன். உங்கள் குறிப்பின் கடைசி வரி, "கணினி கேட்டால் ஃபார்மட் செய்துகொள்ளவும்" என்பது. என்னைப் பேனா எடுக்க வைத்தது அந்த வரிதான்.

அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். லேப்டாப் பழுதாகிவிட்டதால் அதிலிருந்த டிஸ்க்கைப் பேரன் கழற்றிக் கேஸில் போட்டுக் கொடுத்திருக்கிறான். புதுக் கணினியில் செருகியதும், இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று திரையில் கேட்டிருக்கிறது. "மெஷினே கேக்குதேம்மா, வேணாம்னு எப்படிச் சொல்றது? சரின்னு குடுத்துட்டேன்" என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விரைவு ஃபார்மட் என்பது ஃபைல்களின் பட்டியலைத்தான் புதிதாக எழுதும். ஃபைல்களின் உடல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். டிஸ்க் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கப் பேரன் சில சினிமாப் படங்களை அதில் ஏற்றிவிட்டான். அவை போய் உட்கார்ந்த இடத்தில் இருந்தவை திரும்பவே இல்லை. மற்றவற்றை மீட்டோம், ஆனால் பெயர்கள் போய்விட்டன. குடும்பப் படம், வினாத்தாள், ஸ்கேன் செய்த ரசீது எல்லாம் வெறும் எண்களோடு ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. இன்னமும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார்.

‘ஃபார்மட் செய்யலாமா’ என்று கணினி கேட்டால், ‘இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்று அர்த்தம். டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. மேக் கணினியிலோ லினக்ஸிலோ இருந்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினாலும் இதே கேள்விதான் வரும். டிஸ்க்குகளை நிர்வகிக்க விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்தால் ‘இனிஷியலைஸ் செய்யவா’ (புது டிஸ்க்காகத் தொடங்கவா) என்று இன்னொரு பெட்டி எழும்பலாம். அதற்கும் அதே பதில். கேன்சல். டிஸ்க்கில் வேண்டியது ஒன்றுமில்லை என்று உறுதியாகத் தெரியும்வரை கேன்சல்.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. கேஸுக்குள் ஒரு சிறிய சர்க்யூட் போர்டு இருக்கும். டிஸ்க் பேசும் சாட்டாவுக்கும் கணினி பேசும் யுஎஸ்பிக்கும் நடுவே அதுதான் துபாஷி. சில துபாஷிகள் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. டிஸ்க் தன்னிடம் உள்ள இடத்தை 512 பைட் துண்டுகளாக எண்ணிக் காட்டினால், இவை அதை 4096 பைட் துண்டுகளாக மாற்றிச் சொல்லும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஏறத்தாழ 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் பட்டியலில் துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கினால் வரம்பு தள்ளிப்போகும். சரி, நமக்கு இதனால் என்ன? கணினிக்குள் இருந்தபோது 512 கணக்கில் எழுதிய டிஸ்க்கை இப்படிப்பட்ட கேஸில் போட்டால், பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு எட்டு மடங்கு தள்ளிப்போய்விடும். டிஸ்க் காலியாகவோ ‘ரா’ (அடையாளம் தெரியாத வடிவம்) என்றோ காட்டும். டிஸ்க்கில் எந்தப் பழுதும் இருக்காது. வேறொரு கேஸில் மாற்றிப் போட்டாலோ, ஒரு டெஸ்க்டாப்பின் சாட்டா துளையில் நேரடியாக மாட்டினாலோ எல்லாம் வைத்தது வைத்தபடி தெரியும். தலைகீழாகவும் இது நடக்கும்: அப்படிப்பட்ட கேஸில் வைத்து ஃபார்மட் செய்து வருடக்கணக்கில் பயன்படுத்திய டிஸ்க்கை, கேஸ் பழுதானதும் வெளியே எடுத்தால் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் ஃபார்மட் கேள்விக்குச் சரி என்று சொல்லிவிட்டவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

கடையிலேயே எக்ஸ்டர்னலாக விற்கும் சில டிஸ்க்குகளில் நடுவே இருக்கும் போர்டே எல்லாவற்றையும் பூட்டி (சங்கேதமாக்கி) எழுதும், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும். அதன் யுஎஸ்பி முனை உடைந்தது என்று டிஸ்க்கைப் பிரித்தெடுத்து வேறு கேஸில் போட்டால் கிடைப்பது குப்பைதான். அங்கே முனையைச் சரிசெய்வதே வழி.

பூட்டு என்றதும், டிஸ்க்கைப் பூட்ட விண்டோஸிலேயே உள்ள பிட்லாக்கர் ஞாபகம் வருகிறது. இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். சாவி அந்த லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்திருப்பதால் அன்றாடம் நமக்குத் தெரிவதே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்; எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கினோம் என்பது மறந்துபோவதுதான் வழக்கமான சிக்கல். லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என்னாலும் முடியாது.

அடுத்தது டிஸ்க்கின் உடல்நிலை. ஸ்மார்ட் என்ற பெயரில் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நோய்க்குறிப்பைத் தானே எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அதைப் படித்துக் காட்டும். நீலமோ பச்சையோ தெரிகிறது, ‘குட்’ என்று போட்டிருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டும்வரை நல்லபடியாகவே காட்டும் குணம் அதற்கு உண்டு. நான் பார்ப்பது 5, 197, 198 என்ற மூன்று வரிகளை. 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகள். 197 என்பது படிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருப்பவை. 198 என்பது டிஸ்க் தன்னைத் தானே சோதித்தபோது கைவிட்டவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் சந்தோஷம். 5-ஆம் வரியில் சிறிய எண் இருந்து, மாதக்கணக்கில் ஏறாமல் நின்றால் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. 197-இல் எண் இருந்தால் அந்த டிஸ்க்குக்குக் கேஸ் வாங்காதீர்கள், அவ்வளவுதான். முதலில் முக்கியமானவற்றை நகலெடுங்கள், பிறகு மற்றவை. 9-ஆம் வரியில் அது ஓடிய மணிநேரம் இருக்கும். ஓய்வே இல்லாமல் ஓடினால் ஓர் ஆண்டுக்கு 8,760 மணிநேரம். அதை வைத்து டிஸ்க்கின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சில மலிவான கேஸ்கள் இந்தக் குறிப்பைக் கணினிக்குக் கடத்துவதே இல்லை. ஆகவே பழைய கணினி உயிரோடு இருந்தால் கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுவது உத்தமம்.

இங்கே இடைச்செருகலாக ஒன்று. படிக்காத டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் வெகுநாளாக உலவுகிறது. தயவுசெய்து வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் படியும், அதன் மேல் மின்சாரம் பாயும். மூடியைத் திறந்து ‘சும்மா பார்ப்பதும்’ அதே ரகம். சுற்றும் தட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் கண்ணுக்குத் தெரியாத தூசியே அங்கே பெரிய பாறை.

எல்லாம் நல்லபடியாக இருந்து, உள்ளே இருந்தவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்தபிறகு, ஃபார்மட் செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். ஃபைல்களை அடுக்கும் முறை எது என்று அப்போது கேட்கும். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதானால் என்டிஎஃப்எஸ். மேக்கும் வீட்டில் இருந்தால் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், தன் சொந்த வசதியில் அதில் எழுதாது. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்குப் பெரிய ஃபைலை அது ஏற்காது, நீளமான வீடியோ எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். ஃபார்மட் செய்யாமல் அப்படியே பயன்படுத்துபவர்களுக்குப் பழைய பயனர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வரலாம். தொடரச் சம்மதமா என்று கேட்கும், சம்மதம் என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஃபைல்கள் நிறைய இருந்தால் வெகுநேரம் பிடிக்கும். நடுவில் பிடுங்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றியும் கேட்பார்கள். யுஎஸ்பி 2.0 கேஸில் விநாடிக்கு 30, 40 எம்பி வந்தால் அதிகம், டிஸ்க்கால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு முடிந்தாலும். அதனால் வாங்குவதே வாங்குகிறீர்கள், 3.0 கேஸாக வாங்குங்கள்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் அவர்களே. பழைய டிஸ்க்கை எக்ஸ்டர்னல் ஆக்குங்கள், ஆனால் எந்த ஃபைலின் ஒரே பிரதியையும் அதில் வைக்காதீர்கள். பெரும்பாலானோர் செய்வது நேர்மாறு. கணினியில் இடம் போதவில்லை என்று படங்களை ‘கட்’ செய்து பழைய டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, அதையே பேக்கப் என்கிறார்கள். ஏற்கெனவே வருடக்கணக்கில் ஓடிக் களைத்த, மேசையிலிருந்து கீழே விழும் வாய்ப்பு முன்பைவிடக் கூடிய ஒரு பொருளிடம் ஒரே பிரதியை ஒப்படைப்பது பேக்கப் அல்ல, இடமாற்றம். கணினியில் ஒன்று, இதில் ஒன்று என்று இரண்டு இருந்தால் இந்தப் பழைய டிஸ்க் அருமையான துணை. சுற்றிக்கொண்டிருக்கும்போது நகர்த்தாமல், வெளியேற்றும் கட்டளை கொடுத்து, தட்டு நின்றபிறகு பிடுங்கினால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

தேறாத டிஸ்க்கை என்ன செய்வது? 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆகவே மறுசுழற்சிக்குக் கொடுப்பதுதான் முறை. கொடுப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள். ‘டெலீட்’ போதாது, விரைவு ஃபார்மட்டும் போதாது என்பதற்கு மேலே சொன்ன அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் டிஸ்க்கே சாட்சி. ‘குவிக்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டா முதல் வந்த விண்டோஸ்கள் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதும். சுற்றும் தட்டு உள்ள டிஸ்க்குக்கு வீட்டளவில் அந்த ஒரு முறை போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழைய கதை.

சுற்றும் தட்டே இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி விஷயம் வேறு. அதில் பூஜ்யம் எழுதினாலும் ஒதுக்கி வைத்த மூலைகளில் பழையது தங்கக்கூடும். தயாரிப்பாளரின் ‘செக்யூர் எரேஸ்’ கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். எம்.2 வடிவத்தில் பட்டையாக இருந்தால், சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று பார்த்துத்தான் கேஸ் வாங்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்கான கேஸ் மற்றதைப் படிக்காது. இரண்டையும் ஏற்கும் கேஸ்களும் வருகின்றன, அவை உத்தமம். பழைய எஸ்எஸ்டியை எக்ஸ்டர்னல் ஆக்கி, படங்களை ஏற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தகவலை மின்னேற்றமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. நன்றாகத் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அந்த ஏற்றம் கசியும், வெப்பமான இடத்தில் இன்னும் சீக்கிரமாக. அன்றாடம் எடுத்துப் பயன்படுத்த அதை வைத்துக்கொண்டு, அலமாரிக்கு நல்ல நிலையில் உள்ள பழைய சுற்றும் டிஸ்க்கை அனுப்புங்கள். அதையும் அவ்வப்போது வெளியே எடுத்துச் செருகி, ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் ஒரு வாசகி